மேடையில் வாயைத் திறக்காதே!

"இன்னிக்கு மேடையில எவன் வாயைத் திறந்தாலும்... பொணம் விழும்!"

ஸ்டேஷன் போனில் வந்த குரல் குழகுழவென்று குழறியது. சட்டென்று வைத்துவிட்டார்கள்.

பெண் இன்ஸ்பெக்டர் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். மூன்று நாளாகக் கடைவாய்ப்பல் அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ரவுடிகளை ஓட ஓட விரட்டியவர்தான். ஆனால் பல் டாக்டர் என்றால் தொடை நடுங்கும்!

இன்றைக்குப் பார்த்துப் பல் டாக்டர்கள் கூட்டத்துக்குப் பாதுகாப்பு.

காலைச் சாப்பாட்டுக்கு முன் பல் தேய்ப்பதா, பின் தேய்ப்பதா என்ற சண்டையில் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டாக உடைந்த சங்கம். இன்று பத்து மணிக்கு ஒன்று சேரப்போகிறது. ஒற்றுமைக்கு அடையாளமாக, 'முன்' சங்கத் தலைவரும் 'பின்' சங்கத் தலைவரும் மேடையிலேயே ஒருவர் பல்லை ஒருவர் சுத்தம் செய்வார்கள். அப்புறம்தான் கையெழுத்து.

ஜீப் மண்டபத்து வாசலில் நிற்பதற்குள்...

"ஐயோஓஓ!"

இன்ஸ்பெக்டர் உள்ளே பாய்ந்தார்.

மேடை நடுவே சாய்வு நாற்காலி. அதில் 'முன்' தலைவர். கண் மூடி, வாய் இறுக மூடி, அசைவில்லாமல்...

சுற்றிலும் பதினோரு டாக்டர்கள். ஒருத்தராவது நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டுமே!

"தாடை பூட்டிக்கிச்சு!"

"இல்லய்யா, ஈறுல விஷம்!"

"மொதல்ல ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்!"

"கூப்பிட்டு வெச்சுக் கொன்னுட்டாங்க! இவங்களோட ஒண்ணு சேரவே வேணாம்!"

'முன்' கூட்டம் மொத்தமும் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தது. ஒற்றுமை அவ்வளவுதான்!

"யாரும் நகரக்கூடாது!" இன்ஸ்பெக்டர் போட்ட சத்தத்தில் அவர் பல்லே சுரீர் என்றது.

'பின்' தலைவர் இரண்டு கையையும் தூக்கினார். "நான் தொடவே இல்லம்மா! 'வாயைத் திறங்கண்ணே'ன்னேன்... சாஞ்சுட்டாரு!"

இன்ஸ்பெக்டர் பிணத்தின் மணிக்கட்டைப் பிடித்தார்.

நாடி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது!

ஓஹோ... அப்படியா சேதி!

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். "போயிட்டாரு, பாவம். இனிமே ரெண்டு சங்கத்துக்கும் இந்தப் 'பின்' சார்தான் ஒரே தலைவர்!"

பிணம் துள்ளி எழுந்தது.

"யாருடா தலைவர்?!"

கத்திய வேகத்தில் வாயிலிருந்து என்னவோ பறந்தது. மைக்கில் மோதி, டங்ங்! மேல் செட்டும் கீழ் செட்டுமாக முப்பத்திரண்டு பல்லும் மேடையில் கிடந்தன.



"பல் டாக்டருங்க தலைவனுக்கே பல்லு இல்லேன்னா மானம் போயிடாதா?" குழறினார் 'முன்' தலைவர். "அதான் செத்த மாதிரி நடிச்சேன்..."

போனில் கேட்ட அதே குழகுழ!

"அப்போ போன்ல மிரட்டினதும் நீங்கதானா?"

"சத்தியமா இல்லம்மா! நடிச்சது மட்டும்தான்!"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

'பின்' தலைவர் முகம் வெளிறியிருந்தது. கைக்குட்டையை வாய்க்குள் விட்டார்... எடுத்தார்.

அதில் இன்னொரு செட்!

"குரல் தெரியக்கூடாதுன்னு கழட்டி வெச்சுட்டுப் பேசினேன்," என்று குழறினார். "அடுத்தது வாயைத் திறக்கறது என் முறையாச்சே!"

'முன்' தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி... உனக்குமா?"

"மேலயும் கீழயும், அண்ணே!"

இரண்டு பொக்கை வாய்களும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதன. பத்தொன்பது வருஷச் சண்டை... ஐந்தே நிமிஷத்தில் கையெழுத்து!

கைதட்டல் ஓய்ந்ததும் இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்தபடி மைக்கை வாங்கினார்.

"பொய் மிரட்டல் கேஸை அப்புறம் பேசிக்கலாம். எனக்குக் கடைவாய்ப்பல்லு உயிர் போகுது. இங்க சொந்தப் பல்லு இருக்கற டாக்டர் யாராவது இருந்தா... கொஞ்சம் கையைத் தூக்குங்க!"