சீனுவுக்கு இரண்டாவது அம்மை

யோகேஷ் எழுந்தான். பல் துலக்கினான். யூனிஃபார்மை இஸ்திரி போட்டான். பால் காய்ச்சினான். பிறகு கௌசிகாவின் போனை சார்ஜில் போட்டான்.

மனைவி கௌசிகா இறந்து எட்டு மாதம். அந்த போன் ஒலிப்பதே இல்லை.

இன்று ஒலித்தது!

"எஸ்.ஐ. சாரா? சந்திரகிரியிலேர்ந்து பிரமிளா பேசறேன் சார். சீனு வீட்டுக்குப் பக்கத்து வீடு. கௌசிகா அக்கா நம்பர்தான் என்கிட்ட கீது..."

"சொல்லும்மா."

"சீனு வீட்டு வாசல்ல மறுபடி வேப்பிலை கட்டிக்கீறாங்க சார். அம்மையாம்!"

அவன் பால் டம்ளரைக் கீழே வைத்தான்.

"மறுபடியுமா?!"

போன ஆடி. திருச்சானூரில் ஒரு லாட்ஜ். ஓனர் சம்பத் தண்ணீர்த் தொட்டிக்குள் பிணமாக மிதந்தான். முந்தின நாள்தான் அவன், மேனேஜராக இருந்த சீனுவை வேலையை விட்டுத் துரத்தியிருந்தான்.

போலீஸ் சீனு வீட்டுக்குப் போனது. வாசலில் வேப்பிலை!

அம்மை கண்ட வீட்டுக்குள் யார் நுழைவார்கள்? கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி விட்டார்கள்.

தொட்டி விளிம்புக்கு அன்றுதான் நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அடித்தவன் வாட்ச்மேன் சுனில். கையெல்லாம் நீலம்... அவனைப் பிடித்தார்கள்.

சுனில் நிரபராதி. யோகேஷுக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் வழியில்லை.

நாளை சித்தூர் கோர்ட்டில் தீர்ப்பு!

ஜீப் சந்திரகிரியில் நின்றது. கான்ஸ்டபிள் கேசவன் இறங்கி, ஷூவைக் கழற்றி, தெருவிலேயே கும்பிட்டார்.

"வத்து சார், போவாதீங்க! அம்மவாரு இருக்கற வீடு. நான் புள்ளகுட்டிக்காரன்!"

"எனக்கு சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு, கேசவன். இனி வராது."

"கேரன்ட்டியா சார்?"

"எங்கம்மா கேரன்ட்டி."

யோகேஷ் உள்ளே நுழைந்தான்.

வாழையிலையில் சீனு. உடம்பெல்லாம் கொப்புளம். மனைவி அலர்மேல்மங்கை வேப்பிலைக் கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

யோகேஷ் குனிந்தான். ஒரு கொப்புளத்தை அழுத்தினான்.

"ஐயோ...!"

நீர் கசிந்தது. நிஜம்!

யோகேஷ் சிரித்தான். எட்டு மாதத்தில் முதல் தடவை.

"ரொம்ப சந்தோஷம்டா சீனு!"

"எனக்கு அம்மை வந்தா உனக்கின்னா சார் சந்தோஷம்?"

"போன வருஷம் நிஜமா வந்திருந்தா இப்ப வந்திருக்காதே! ஒரு தடவை வந்துட்டா, எதிர்த்து நின்ன சக்தி ரத்தத்துல வருஷக்கணக்கா காவல் காக்கும். உன் காவல்காரன் எங்கடா போனான்?"

சீனு சுவர்ப் பக்கம் புரண்டான்.

"சில பேருக்கு... ரெண்டாவது தடவையும் வருமாமே சார்..."

"வரும். எப்பவாவது, யாருக்காவது. ரத்தம் எடுத்துடலாம். முதல் தடவையா, ரெண்டாவதான்னு லேப்ல பாத்துடலாம்."

விசிறல் நின்றது.

"யோவ்..." என்றாள் அலர்மேல்மங்கை. "போர்வையத் தூக்காத, ஆத்தா கோச்சிக்குவான்னு அதுக்குத்தான் சொன்னியா?"

"இல்லடி... அது வந்து..."

"நான் கறி துன்னாம, தாளிக்காம, தலை வாராம கெடந்தேனே! ஒருநா காலைல உன் செருப்பு சொட்டச் சொட்ட ஈரம். ஆத்தாதான் போட்டுக்கினு ஊரச் சுத்திட்டு வந்தான்னு அதுக்குக் கற்பூரம் ஏத்தினேனேய்யா!"

யோகேஷ் நிமிர்ந்தான்.

"அந்தச் செருப்பு எங்கம்மா?"

"பூஜை ரூம்ல சார்!"

மஞ்சள் துணியைப் பிரித்தான். குங்குமப் பொட்டு வைத்த ஒரு ஜோடி செருப்பு. திருப்பினான்.

அடியில்... நீலப் பெயின்ட்!

பின்னால் பளீர் பளீர் என்று சத்தம். வேப்பிலைக் கொத்து சீனுவின் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் சார் தள்ளினேன்! எல்லாம் எழுதித் தர்றேன்! இவள நிறுத்தச் சொல்லு சார்!"

சுனில் ஜெயிலிலிருந்து வெளியே வந்தான்.

இரண்டு வாரம் கழித்து யோகேஷ் வீட்டு வாசலில் வேப்பிலை!

கேட்டுக்கு வெளியே, வெறுங்காலுடன், இளநீரோடு கேசவன்.

"சார்! அம்மா கேரன்ட்டின்னீங்களே!"

ஜன்னல் வழியே புள்ளி புள்ளியாக ஒரு முகம் தெரிந்தது.

"காலாவதி ஆயிடுச்சு போலய்யா..."

பொய். யோகேஷுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கௌசிகா படுத்திருந்த வார்டில் ஒருவருக்கு அம்மை. 'உங்களுக்கு முன்னாடி வந்திருக்கா?' என்று நர்ஸ் யோகேஷைக் கேட்டாள். சின்ன வயசிலேயே வந்துவிட்டது என்றான். கௌசிகா கண்ணைத் திறந்து, ஒன்று சொல்லிவிட்டு மூடினாள். பிறகு திறக்கவில்லை. ஜுர வேகத்தில் உளறுகிறாள் என்று நினைத்தான்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், 'உடம்பைப் பாத்துக்கோங்க'ன்னு சொன்னா என்று சொல்லி வைத்திருந்தான்.

உண்மையில் அவள் சொன்னது...

"நம்பாதீங்க சிஸ்டர்... அது அம்மை இல்ல, வேர்க்குரு. அத்தையே என்கிட்ட சொன்னாங்க!"