குழந்தைவேலு ஓட்டிய டயர்கள்

கார் பந்தயச் சாம்பியன் நவநீதன் ஓட்டித் தேய்த்த டயர்கள் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தன. ஓசூர் டயர் சந்தையில் அந்தக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் அதன் முன்தான் போய் நிற்பார்கள். சிலர் செருப்பைக்கூடக் கழற்றிவிடுவதுண்டு. அன்று பேழையின் மேல் ‘விற்றாகிவிட்டது’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

“ஹர்ஷா காலையிலயே வந்து பேசி முடிச்சிட்டாருங்க” என்றார் கடைக்காரர்.

நிலோஃபர் பெருமூச்சு விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சூளகிரி ஓடுதளத்தில் ஹர்ஷாவோடும் மற்றவர்களோடும் அவளுக்குப் பந்தயம். அதில் முதல் மூன்று இடங்களுக்குள் வராவிட்டால் அவளுடைய இருக்கை வேறு யாருக்காவது போய்விடும் என்று அணி முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

பழகுடயர் வந்த பிறகு பந்தய உலகமே தலைகீழாக மாறியிருந்தது. அதன் ரப்பருக்குள் முடியைவிட மெல்லிய நரம்பிழைகள் ஓடின. தரை கொடுக்கும் ஒவ்வோர் அழுத்தத்தையும், அதற்கு ஓட்டுநரின் கை என்ன பதில் கொடுத்தது என்பதையும் அவை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே அழுத்தம் வந்தால், கை அசைவதற்குள் டயரே தேவையான இடத்தில் இறுகும், தளரும். சாம்பியன் பழக்கிய டயரில் சுமாரான ஆள்கூடப் பறக்கலாம். அதனால் புது டயரை வாங்க ஆளில்லை. தேய்ந்த டயருக்குத்தான் அடிதடி.

“மிச்சம் என்ன இருக்கு?” என்று கேட்டார் சிவசைலம். நிலோஃபருடைய காரின் பொறியாளர். அம்பாசமுத்திரத்துக்காரர் என்பதால் அவள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

கடைக்காரர் இரண்டு செட்டைக் காட்டினார். ஒன்று பத்தொன்பது அங்குல ரிம்முக்கானது, ஓரளவு பெயர் தெரிந்த ஓட்டுநருடையது. மற்றது பதினெட்டு அங்குலம், சுவரோரமாகத் தூசி படிந்து கிடந்தது.

“பத்தொன்பது எடுத்துக்கோம்மா” என்றார் சிவசைலம். “ரிம் பெருசு, பக்கச்சுவர் மெல்லிசு. ஸ்டியரிங்கைத் தொட்டா கார் திரும்பும்.”

“சூளகிரியில வளைவுக்கு வளைவு ஓரத்துக் கரைக்கல்லு மேல ஏறி இறங்கணுமே அண்ணாச்சி. மெல்லிசான பக்கச்சுவர் தாங்காது, தூக்கிப் போட்டுரும். பதினெட்டுல ரிம் எடையும் குறைச்சல். ரப்பர் ஜாஸ்தி, ஞாபகமும் ஜாஸ்தி.”

“பிரேக் உள்ள அடங்குமா? விரல்கூட நுழையாதே.”

“காத்து நுழைஞ்சாப் போதும்” என்று சிரித்தவள், கடைக்காரரிடம் திரும்பினாள். “இது யாரு ஓட்டினது?”

“யாரோ சேலத்துக்காரருங்க. லீவு நாள்ல மட்டும் வந்து ஓட்டுவாராம். அதுல பெருசா ஒண்ணும் இருக்காது.”

“அப்ப காலி சிலேட்டுன்னு வச்சுக்கிடலாம்” என்றார் சிவசைலம். “ரெண்டு நாள்ல நீயே எழுதிக்க.”

அப்படித்தான் அந்த டயர்கள் அவள் காரில் ஏறின.

பயிற்சியில் அவை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சொன்னதைக் கேட்டன, அவ்வளவுதான். பந்தயத்தன்று ஹர்ஷா முதலில் போனான். நவநீதனின் டயர்கள் அவனை ஒவ்வொரு வளைவிலும் கோடு போட்டதுபோல் இழுத்துக்கொண்டு போயின. நிலோஃபர் மூன்றாவதாகப் பின்னால் வந்தாள். பாதிப் பந்தயத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், மலைப்பக்கமிருந்து மழை வந்து விழுந்தது.

ஆனைவளைவு என்று ஒரு திருப்பம். வெளிப்பக்கம் கான்கிரீட் சுவர். அவள் கண்ணெதிரே ஹர்ஷாவின் கார் அங்கே வழுக்கியது. அந்த டயர்கள் அவனைக் காப்பாற்ற எதுவும் செய்யவில்லை; பாதையிலேயே இருப்பதுபோல் இறுகிக்கொண்டே இருந்தன. கார் தட்டாமாலை சுற்றி மணலில் போய்ப் புதைந்தது. ஹர்ஷா கையை ஆட்டினான், அடி ஒன்றுமில்லை. அதைப் பார்த்த ஒரு நொடியில் நிலோஃபரின் காரும் வாலை வீசியது.

கண்ணாடி முழுக்கச் சுவர் தெரிந்தது. அவளுடைய கைகள் மரத்துப்போயின. ‘அம்மா’ என்றுகூட வரவில்லை வாய்க்கு. அப்போது காரின் அடியில் ஏதோ விழித்துக்கொண்டது. முன் டயர்கள் சட்டென்று இளகின, பின்னால் ஒன்று மட்டும் இறுகிப் பிடித்தது, பிறகு விட்டது, மறுபடி பிடித்தது. கார் நனைந்த நாய்போல் உடம்பை உதறிக்கொண்டு நேரானது. சுவர் பக்கவாட்டில் கடந்து போயிற்று.

அவள் இரண்டாவதாக வந்தாள். இருக்கை நிலைத்தது. ஆனால் இறங்கியதும் அவள் மேடைக்குப் போகவில்லை. முன் டயரின் அருகே மண்டியிட்டு, சூடாக இருந்த அந்த ரப்பரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

சிவசைலம் இழைமானியை டயரில் வைத்து நரம்பிழைகளின் ஞாபகத்தைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

“காலி சிலேட்டா இது? ஏம்மா, இந்த மனுசன் சறுக்காத இடமே இல்ல. எங்க போனாலும் சறுக்கியிருக்கார். ஒவ்வொரு தடவையும் உயிர்ப்பயத்துல அங்கயும் இங்கயும் திருப்பி எப்படியோ தப்பிச்சிருக்கார். அத்தனையும் இதுல இருக்கு.”

“நவநீதன் டயர்ல?”

“அவர் சறுக்கினதே இல்லையே. அதுக்கு எப்படித் தெரியும்?”

அடுத்த வாரம் அவள் விசாரித்துக்கொண்டு சேலத்துக்குப் போனாள். அழகாபுரத்தில் ஒரு பல் மருத்துவமனை. டாக்டர் குழந்தைவேலு ஐம்பது வயதைத் தாண்டியவர், பருத்த உடம்பு, மென்மையான குரல். அவள் பெயரைச் சொல்லி, டயர் என்றதும் முகக்கவசத்தைக் கழற்றி, குற்றவாளிபோல் எழுந்து நின்றார்.

“அந்த டயருங்களா? நான் அப்பவே கடையில சொன்னேனுங்க, எரிச்சிடுங்கன்னு. பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன் மேடம்.”

“டாக்டர், உக்காருங்க. நான் உயிரோட இருக்கிறதே உங்களாலதான்.”

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. சிவசைலம் எடுத்த பதிவைக் கைத்திரையில் காட்டினாள். கார் நெளிந்த விதத்தைப் பார்த்ததும் அவர் வாய் தன்னால் திறந்தது.

“இது நானுங்க” என்றார். “இப்படித்தான் திருப்புவேன். எல்லாரும் வேலியில நின்னு சிரிப்பாங்க. என் பொண்ணு ஒரு நாள், ‘அப்பா, போதும்ப்பா’ன்னு அழுதுட்டா. அன்னிக்கே காருக்கு உறை போட்டு மூடிட்டேன்.”

“நீங்க சறுக்கினதுல ஒண்ணு எனக்காகச் சறுக்கினது டாக்டர்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேசையிலிருந்த கருவிகளை அடுக்கினார். ஏற்கெனவே அடுக்கியிருந்தவைதான். வாணியம்பாடியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய மக்கன் பேடா டப்பாவை அவள் நீட்டினாள். “பல் டாக்டருக்கே இனிப்பா?” என்றவர், ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

நிலோஃபர் இதை மறைக்கவில்லை. கேட்ட பத்திரிகைக்காரர்களிடமெல்லாம் நன்றியோடு சொன்னாள். விளைவு, அவள் எதிர்பாராதது. ஓசூர்ச் சந்தையில் கண்ணாடிப் பேழைகள் காலியாயின. கற்றுக்குட்டிகளின் டயருக்குக் கிராக்கி வந்தது. கிடைக்காதபோது, அணிகள் ஆள் வைத்துச் சறுக்க ஆரம்பித்தன. நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே சுற்றுவதற்கு இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் வேண்டுமென்றே சறுக்குகிறவனின் கை, சறுக்கலை வரவழைக்க முன்பே திரும்பிவிடுகிறது. டயர்கள் அதைத்தான் கற்றுக்கொண்டன. அடுத்த பந்தயத்தில், நல்ல வெயிலில், காய்ந்த தரையில், ஏழெட்டுக் கார்கள் ஆனைவளைவுக்கு வந்ததும் ஓட்டுநர்கள் கேட்காமலே அழகாகச் சுற்றி நின்றன.

நிலோஃபரின் பதினெட்டு அங்குலங்கள் மட்டும் உண்மையைத் தெரிந்துவைத்திருந்தன. அவையும் பந்தயப் பருவ முடிவில் தேய்ந்து வெளுத்தன. புது செட் ஒன்றை வாங்கி, அவள் சேலத்துக்குப் பேசினாள்.

“எனக்காக ஒரு நாள் வந்து ஓட்டித் தருவீங்களா டாக்டர்?”

“என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க! நான் இப்ப வாரா வாரம் ஓட்டறேனுங்க” என்றார் அவர்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் வந்தார். கூடவே மகளும் வந்திருந்தாள். மதியம் வரை ஓட்டினார். வேலியோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள். இறங்கும்போது அவர் முகம் பரீட்சையில் தேறிய பையனுடையதுபோல் இருந்தது.

“ஒரு தடவைகூடச் சுத்தல மேடம்! பார்த்தீங்களா? முன்னெல்லாம் சிரிப்பாங்களேன்னு பயந்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பேன். நீங்க வந்து பேசிட்டுப் போனதுல இருந்து அந்தப் பயமே இல்லீங்க.”

சிவசைலம் இழைமானியைப் பார்த்துவிட்டு நிலோஃபரைத் தனியே அழைத்தார். “ஒண்ணுமே இல்லம்மா. சுத்தமா ஓட்டியிருக்கார். நீ போய் நன்றி சொன்னே பாரு, அதுல அந்த வித்தையே போயிட்டு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டிருந்தாள் மகள். அவர் அதன் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“போனா போகட்டும் அண்ணாச்சி” என்றாள் நிலோஃபர். பிறகு டாக்டரிடம் போய், “ரொம்ப நல்லா ஓட்டினீங்க” என்றாள். அதை முழு மனதோடுதான் சொன்னாள்.

“உங்களுக்கு உபயோகப்படுமுங்களா?”

“மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

பந்தயத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் யாராவது ஒருவருடைய ஞாபகத்தின் மேல்தான் ஓட்டியிருக்கிறாள். அதே டயர்களோடு காரில் ஏறி, மழை வலுப்பதற்காகக் காத்திருந்து கிளம்பினாள். ஆனைவளைவுக்குத் தன்னால் முடிந்த வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தாள். கார் வாலை வீசியது. டயர்கள் எந்தப் பதிலும் சொல்லவில்லை. அவள் அலறினாள், அலறியபடியே திருப்பினாள், தப்பாகத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். உலகம் சுற்றியது. கார் சுவருக்குச் சற்று தள்ளி, வந்த வழியைப் பார்த்தபடி நின்றது.

தூரத்தில் வேலியோரம் டாக்டர் குழந்தைவேலு மழையில் நனைந்துகொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

ஹெல்மெட் ரேடியோவில் சிவசைலத்தின் குரல் கேட்டது. “ஒண்ணு பதிஞ்சிட்டும்மா. நல்லாவே பதிஞ்சிருக்கும்.”

இந்த டயர் பிறகு யாருடைய காரில் ஏறுமோ என்று அவள் நினைத்துக்கொண்டாள். காரைத் திருப்பி, மறுபடியும் வளைவை நோக்கி ஓட்டினாள்.