பாதிப் பட்டை

அனிலாவின் மணிக்கட்டில் காப்புமானி வட்டம் மஞ்சளாக இருந்தது. ஜெசிந்தா முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. குழந்தையின் கை கொதித்தது.

தூத்துக்குடியில் எல்லாக் குழந்தைகளுக்கும் மணிக்கட்டில் இந்த வட்டமும் தோளில் ஒரு காப்புப்பட்டையும் உண்டு. பட்டையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். அவை டெங்கு எதிர்ப்பொருளை விடாமல் ரத்தத்தில் இறக்கும். போதுமான அளவு இருந்தால் வட்டம் பச்சை. இல்லவே இல்லையென்றால் சிவப்பு. பழைய பட்டை தீருமுன் புதியது வந்துவிடும் என்பதால் மஞ்சளை ஊரில் அநேகமாக யாரும் பார்த்ததில்லை. ஊர் கொசுவலையை மறந்து வெகு காலமாகிவிட்டது.

ஆஸ்பத்திரி வார்டில் டாக்டர் கோதை அனிலாவின் தோளில் இருந்த பட்டையின் ஓரத்தை விரலால் தடவினார்.

“கத்தரியால வெட்டியிருக்கு. யார் வெட்டினது?”

“நான்தான்.”

பால் கவர் வெட்டும் கத்தரி. எதிர்வீட்டு நூர்ஜஹான் மேலப்பாளையத்திலிருந்து அண்மையில்தான் குடிவந்தாள். அவள் மகன் ஆதிலின் பட்டை தீர்ந்துவிட்டது. புதியது பழைய விலாசத்துக்குப் போய் எங்கோ நின்றுவிட்டது. அவன் வட்டம் சிவப்பு. அவனும் அனிலாவும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். அனிலாவுக்குப் புதுப் பட்டை வந்த அன்று ஜெசிந்தா அதை நடுவில் வெட்டினாள். சீக்கிரமே இரண்டு வட்டங்களும் மஞ்சளாயின. சிவப்பு போனதில் நூர்ஜஹான் அழுதுவிட்டாள். மஞ்சள் என்றால் பாதிக் காப்பு என்று இருவரும் நினைத்தார்கள்.

“பாதியாவது இருக்கட்டும்னு...” என்றாள் ஜெசிந்தா.

“பாதி இருக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாம்மா.”

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை.

“மருந்து நிறைய இருந்தா வைரஸைச் சுத்தி மூடிடும். அதால எங்கேயும் நுழைய முடியாது. கொஞ்சமா இருந்தா அங்கொண்ணு இங்கொண்ணுன்னு ஒட்டும். அப்ப அது மூடி இல்ல, கைப்பிடி. நம்ம வெள்ளணு அந்தக் கைப்பிடியைப் பிடிச்சு வைரஸை உள்ள இழுத்துக்குது. தின்னுடலாம்னு நினைக்குது. வைரஸ் அதுக்குள்ளயே உக்காந்து பெருகுது.”

“அப்ப சிவப்பு?”

“பெரும்பாலும் காய்ச்சல் வந்து போயிடும். மஞ்சள்தான் பயம். பெட்டியிலேயே போட்டிருக்கே.”

போட்டிருந்திருக்கும். பெட்டியை அனிலா பொம்மைக்கு வீடாக்கியிருந்தாள்.

“இன்னும் காய்ச்சல் அடிக்குது. நல்லது,” என்றார் டாக்டர்.

“நல்லதா?”

“காய்ச்சல் விடும்போதுதான் ரத்தக்குழாய் கசியும். பிள்ளை எழுந்து உக்காரும், சாப்பாடு கேக்கும். வீட்டுல சந்தோஷப்படுவாங்க. அப்புறம் கை கால் சில்லிட்டுப் போகும்.” அவர் நிறுத்தினார். “அதுக்குள்ள முழுப் பட்டை ஒட்டிட்டா வைரஸை மூடிடலாம். ஸ்டோர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அடுத்தது நாளைக்குத்தான் வரும்.”

நர்ஸ் பட்டையைக் கொண்டுவந்தாள். டாக்டர் அதை வாங்கினார். உடனே பிரிக்கவில்லை.

“இன்னொரு பாதி எந்தப் பிள்ளை தோள்ல இருக்கு?”

ஜெசிந்தா அந்த உறையைப் பார்த்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஒட்டிய பிறகு சொல்லிவிடலாம். ஒட்டிவிட்டால் அனிலாவிடமிருந்து யாரும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

“குப்பையில போட்டுட்டேன்.”

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு உறையைக் கிழித்தார்.

அனிலா முனகினாள். பட்டை தோளில் ஒட்டிக்கொண்டது. ஜெசிந்தா வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லலாம் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றும் நினைத்தாள். வட்டத்தின் ஓரத்தில் பச்சை ஊறத் தொடங்கியபோது அவளுடைய போன் அடித்தது. வராந்தாவுக்கு ஓடினாள்.

“அக்கா, அனிலா எப்படி இருக்கா?”

“நூரு, ஆதில்...”

“அவனுக்கும் சூடாத்தான் இருந்துச்சு. நீங்களே ஆஸ்பத்திரியும் வீடுமா அலையிறீங்க, எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டேன். இப்ப விட்டிருச்சுக்கா! எந்திரிச்சு உக்காந்து புரோட்டா கேக்கான். ரெண்டு நாளா கஞ்சியத் துப்புனவன், துரைக்கு இப்ப சால்னாவும் வேணுமாம்.”

ஜெசிந்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அவன் கையத் தொட்டுப் பாரு.”

“தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஜில்லுன்னு இருக்கு. அல்ஹம்துலில்லாஹ்.”

“தூக்கிட்டு ஓடி வா. ஆட்டோ பிடிச்சு வா. இப்பவே.”

“எதுக்குக்கா பதறுறீங்க? நல்லாத்தான இருக்கான். எல்லாம் உங்க பட்டை பண்ண வேலை.” நூர்ஜஹான் சிரித்தாள். “ஒண்ணு சொன்னா ஏசக் கூடாது. அந்தப் பாதிய நான் தனியா வச்சுக்கிடல. மாடியில புதுசா வந்திருக்காங்கல்ல, அவங்க பிள்ளைகளுக்கும் வெட்டிக் குடுத்தேன். எல்லாக் கையிலயும் மஞ்சள் வந்திருச்சு. பெரிய மனசு உங்களுக்கு மட்டும்தான் இருக்கணுமா?”

“மாடிப் பிள்ளைங்களுக்கும் வெட்டிக் குடுத்தியா?” என்றாள் ஜெசிந்தா.

திரும்பினாள். வார்டு வாசலில் டாக்டர் கோதை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

“எத்தனை பிள்ளைங்கம்மா?” என்று கேட்டார்.