விலக்கி வைத்த வருகைகள்

அந்தச் சின்னக் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்ததும், மூன்று வருடமாகத் தட்டையாகக் கிடந்த கோடு மலையாக எழுந்து நின்றது.

ஆபீஸில் அவளுக்கு 'மீட்டர்' என்று பெயர். எந்த வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எங்கே சலித்துப்போய் வெளியேறுகிறார்கள் என்று பன்னிரண்டு வருடமாக அளந்துகொண்டிருப்பவள். அன்று மதியம் பக்கத்து சீட்டிலிருக்கும் 'தாடி'க்குப் புது ரிப்போர்ட்டை விளக்கவேண்டியிருந்தது. வாடிக்கையாளர் சைட்டில் கைவைக்கப் பயந்து, சொந்த சைட்டையே திறந்தாள். கப்பலில் வேலை பார்க்கும் கணவன் மகள் வளர்வதைப் பார்க்கட்டும் என்று அவளே கட்டியது. சிட்டுவின் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பக்கம், மொத்தம் எட்டு. கணவன், மாமியார், நாத்தனார் என்று மாதத்துக்கு முப்பது வருகை வந்தால் பெரிய விஷயம்.

"எதை எடுத்தீங்க இப்ப?" தாடி எட்டிப் பார்த்தான்.

"வீட்டு வருகையை விலக்குற ஃபில்டர். நம்ம சைட்டை நாமளே பத்து தடவை திறந்து பார்ப்போம்ல, அது கணக்குல சேரக் கூடாதுன்னு நம்ம வீட்டு இணைப்பை ஒதுக்கி வைக்கிறது. எல்லாரும் செய்யிறதுதான்."

"அப்ப இந்த மலை பூராவும் நீங்கதானா? பொண்ணு மேல இவ்வளவு பாசம் வச்சுக்கிட்டு ஏன் டெய்லி ஆபீஸ் வர்றீங்க?"

சிரித்தாள். பிறகு அந்த வருகைகளின் நேரத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

திங்கள் முதல் வெள்ளி வரை. காலை எட்டு இருபதுக்குத் தொடக்கம். மாலை மூன்று இருபத்தைந்துக்கு முடிவு. எட்டு இருபது என்பது அவள் சிட்டுவை வேனில் ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்டும் நேரம். மூன்று இருபத்தைந்து, பள்ளி வேனில் வந்து இறங்கும் சிட்டு, கழுத்துக் கயிற்றில் தொங்கும் சாவியால் தானே கதவைத் திறக்கும் நேரம். அவள் வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடும். போன கோடை விடுமுறையில் இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தார்களே, அந்தப் பதினான்கு நாளும் ராப்பகலாகக் கோடு இறங்கவே இல்லை.

"ரோபோவா இருக்கும்," என்றான் தாடி. "இல்லன்னா ஏதாவது பழைய டேப்லெட் தானா ரீலோட் ஆகுது."

"ரீலோட் ஆகுறது ஸ்க்ரோல் பண்ணாது. இதைப் பாரு. கீழ போகுது, திரும்ப மேல வருது, பல் விழுந்த படத்துல நாப்பது நிமிஷம் நிக்குது."

எந்தக் கருவி என்று பார்த்தாள். இப்போது யாரும் வாங்காத பழைய சதுரத் திரை. அந்த அளவை அவளுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன், வயரைச் சுருட்டிச் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு, பின்னறைப் பரணில் அவளே ஏற்றிவைத்த கம்ப்யூட்டர்.

பின்னறையில் கொஞ்ச நாளாக ஒரு வாசனை, தூசி சூடானால் வருமே, அது. இஸ்திரிப் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பரணில் எலி 'கிர்க் கிர்க்' என்று சுரண்டுவதாகச் சிட்டு சொன்னாள். பசை அட்டை வாங்கி வைத்தாள். எலி சிக்கவே இல்லை.

மூன்று வருடத்தையும் ஒன்றாக விரித்தாள். முதல் பக்கத்தில் ஐந்து மாதம். இரண்டாவதில் ஐந்து மாதம். பொறுமையாக, ஒரு படமும் விடாமல், குழந்தை முதல் சிறுமி வரை. போன வாரம் எட்டாவது பக்கத்துக்கு வந்திருந்தது.

தாடியின் குரலில் இப்போது கேலி இல்லை. "கடைசிப் பக்கம் வரைக்கும் வந்தவங்க அடுத்து என்ன செய்வாங்க, மீட்டர்?"

அவளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம்தான். ஒன்று, மூடிவிட்டுப் போவார்கள். இல்லையென்றால், நேரில் தொடர்புகொள்வார்கள்.

நேரலைப் பக்கத்தைத் திறந்தாள்.

இப்போது பார்ப்பவர்கள்: 1.

மணி மூன்று பத்து. சிட்டு வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வேன்காரருக்கு போன் போட்டாள்.

"அண்ணே, பாப்பாவை இன்னைக்கு வீட்ல இறக்காதீங்க. உங்க கூடவே வச்சிருங்க, நான் வந்து கூட்டிக்கிறேன்."

"இன்னைக்கு ஸ்கூல் சீக்கிரம் விட்டாச்சேம்மா. ரெண்டே முக்காலுக்கே இறக்கிட்டேனே. உள்ள போயி கதவைச் சாத்துனதைப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுத்தேன்."

ரெண்டே முக்கால். கோட்டைப் பார்த்தாள். மூன்று வருடமாகச் சாவிச் சத்தம் கேட்டதும் நின்றுவிடும் கோடு, இன்று நிற்கவில்லை.

வீட்டு போனுக்குக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஸ்கூட்டரை அவள் எப்படி எடுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. கைப்பிடிக்கு மேல் மாட்டியிருந்த செல்போனில் அந்த எண் மட்டும் வெளிச்சமாக நின்றது. பேக்கரியைத் தாண்டும்போது 1. பாலத்தில் 1. சிக்னலில் முன்னால் ஒரு லாரி, வெயில், டீசல் புகை, யாரோ ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அவள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2.

அப்படி வராது. ஒரே திரைக்கு முன் பத்துப் பேர் உட்கார்ந்தாலும் கணக்கு ஒன்றுதான். கருவியைத்தான் எண்ணும், ஆளை எண்ணாது.

இரண்டுக்கும் நேராக அதே சதுரத் திரை. அதே எட்டாவது பக்கம்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பூட்டவில்லை. ஹாலில் ஸ்கூல் பை. சாப்பாட்டு மேஜையில் பாதி குடித்த பால்.

"சிட்டு?"

சூடான தூசி வாசனை. இன்று வீடு முழுக்க.

பின்னறை. ஜன்னல் திரையை யாரோ இழுத்துவிட்டிருந்தார்கள். பரணுக்கு அடியில் அலுமினிய ஏணி. அவள் அதை மாடிப்படிக்குக் கீழேதான் வைத்திருந்தாள். எட்டு வயதுக் குழந்தையால் தூக்க முடியாத ஏணி. அதன் காலடியில் சின்ன ஷூக்கள், ஒழுங்காக ஜோடி சேர்த்து. உள்ளே மடித்துச் செருகிய சாக்ஸ்.

பரண் கதவின் இடுக்கில் நீல வெளிச்சம்.

இடுக்கு வழியே ஒரு வயர் கீழே தொங்கியது. சிவப்பு ரப்பர் பேண்ட் இன்னும் அதில் இருந்தது. நுனியில் பிளக். எதிலும் சொருகாத பிளக். மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

கிர்க். கிர்க். கிர்க்.

எலி இல்லை. மவுஸின் சக்கரம்.

"இது பல் விழுந்தப்போ எடுத்தது," மேலே சிட்டுவின் குரல், விருந்தாளிக்கு ஆல்பம் காட்டுகிற மாதிரி. சின்ன இடைவெளி. "ம்ம். வலிக்கல." மறுபடி இடைவெளி. "இதுதான் கடைசி. அடுத்த வயசு இன்னும் வரல."

அவள் ஏணியில் ஏறினாள். ஒரு படி. இரண்டு. மூன்று. கதவை நோக்கிக் கை நீட்டினாள்.

சக்கரம் நின்றது.

வெளிச்சம் அணைந்தது.

கதவை இழுத்தாள். இருட்டு. தூசி படிந்த சதுரத் திரை. தொட்டாள். சுட்டது. அதற்கு முன்னால், தூசியில் பக்கத்துப் பக்கத்தில் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்திருந்த தடம். ஒன்று சின்னது.

வேறு எதுவும் இல்லை. யாரும் இல்லை.

இடது கையில் செல்போன் வெளிச்சமாக இருந்தது.

இப்போது பார்ப்பவர்கள்: 0.