உசாவி போட்ட மதிப்பெண்

கிணறு துளைக்க வந்திருந்த புது வண்டியான ஒலித்துளைப்பானுக்கு உசாவி அன்று காலை தொண்ணூற்று நான்கு மதிப்பெண் போட்டிருந்தது. சம்பூரணம் அதை இரண்டு தடவை பார்த்தாள். போன வாரம் அவள் விசாரிக்கத் தொடங்கியபோது இதே வண்டிக்கு அறுபத்தொன்றுதான் போட்டிருந்தது. ஒரே வாரத்தில் ஓர் இயந்திரம் அப்படி என்ன யோக்கியமாகிவிடும்?

திருச்செங்கோட்டில் இப்போதெல்லாம் உசாவியைக் கேட்காமல் யாரும் ஒரு நட்டுகூட வாங்குவதில்லை. ஆண்டுச் சந்தா கட்டினால் போதும். எந்தச் சரக்கானாலும் செய்தவன், விற்பவன், வாங்கியவன் என்று எல்லாரையும் விசாரித்து நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். கைபேசிக்குள் உட்கார்ந்துகொண்டு மரியாதையாகத்தான் பேசும். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் சம்பூரணத்துக்கு எப்போதுமே ஒரு சந்தேகம்.

அவளும் அவள் கொழுந்தன் அர்த்தநாரியும் ஆளுக்கொரு ரிக் வண்டி வைத்துக்கொண்டு ஆழ்துளைக் கிணறு போடும் தொழில் செய்தார்கள். தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது; பழைய வண்டிகளுக்கு எட்டவில்லை. இந்தப் புது வண்டி ஒலியாலேயே பாறையைப் பொடியாக்கிக்கொண்டு இறங்குமாம். அது வேண்டுமென்றால் விலையில் கழித்துக்கொள்ள இரண்டு பழைய வண்டிகளையும் அதை விற்கும் கம்பெனியிடம் கொடுத்துவிட வேண்டும். சரிப்படாவிட்டால் இரண்டு குடும்பமும் நடுத்தெருவில்தான்.

"விக்கிறவங்ககிட்ட ஏதாச்சும் வாங்கிக்கிறியா?" என்று உசாவியைக் கேட்டாள்.

"இல்லைங்க. சந்தாதாரர்கள் கட்டுவது மட்டும்தான்."

எந்தத் திருடன் ஒத்துக்கொண்டான்? "இதை வாங்குனவங்க யாரு?"

"உங்கள் ஊரிலேயே ஆறு பேர். ரிக் பட்டறை நல்லசிவம் அவர்களில் ஒருவர்."

ரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புது வண்டி ஓடுகிற இடத்துக்கே போய், புழுதி முகத்தில் அடிக்க நின்று, பாறையில் இறங்கும் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் அட்வான்ஸ். உசாவி வந்தபின் அதற்கெல்லாம் யாருக்குப் பொழுதிருக்கிறது? சம்பூரணம் விடவில்லை. அர்த்தநாரியைக் கிளப்பிக்கொண்டு நல்லசிவத்தின் பட்டறைக்குப் போனாள்.

"வாங்கக்கா. டீ சொல்லட்டுங்களா?" என்றார் நல்லசிவம்.

"டீ கெடக்கட்டுங்க. உங்க புது வண்டி எங்க ஓடுது? பாக்கோணும்."

"வண்டி இன்னும் வரலீங்களே. அட்வான்ஸ்தான் குடுத்திருக்கறன். மத்தவங்களுக்கும் வரலைங்."

"ஓடறதப் பாக்காமயா குடுத்தீங்க?"

நல்லசிவம் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "நீங்க விசாரிச்சுட்டு இருக்கறீங்கன்னு உசாவி சொல்லுச்சுங்க. தோண்டித் துருவாம நீங்க எதையும் வாங்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். அப்புறம் நாங்க வேற எதுக்குப் போய்ப் பாக்கோணும்?"

சம்பூரணத்துக்கு உள்ளே என்னவோ இடறியது. கைபேசியை எடுத்து, மூன்று பேருக்கும் கேட்கும்படி வைத்துக் கேட்டாள். "இந்த வண்டிக்கு மார்க் எதனால ஏறுச்சு?"

உசாவி ஒளிக்கவில்லை. "உங்களால்தாங்க. எங்கள் சந்தாதாரர்களில் நீங்கள்தான் அதிகம் சந்தேகப்படுபவர். நீங்கள் துருவி விசாரித்து வாங்கிய எதுவும் இதுவரை சோடை போனதில்லை. அதனால் நீங்கள் கேள்வி கேட்கக் கேட்க மதிப்பு கூடும். இப்போது தொண்ணூற்றைந்து."

அடப் பாவமே என்றிருந்தது அவளுக்கு. அந்த வண்டி ஒரு சாண் பாறையைத் துளைத்து இவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. ஊர் அவளைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்திருந்தது; உசாவி அவளைப் பார்த்து மதிப்பெண்ணை ஏற்றியிருந்தது. அவள் மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்து மேலும் கேட்டிருந்தாள்.

"கேட்டீங்கல்ல? நான் இதை வாங்கப் போறதில்ல. நீங்களும் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிருங்க" என்றாள்.

நல்லசிவத்தின் முகம் மாறியது. "நாங்க விலகிக்கிட்டா மொத வண்டி உங்களுக்கு வந்துருமுங்களே."

"நான்தான் வாங்கலைங்கறனே."

"வாங்காதவங்க எதுக்குங்க இத்தன கேள்வி கேட்டீங்க?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. "சரி, நீங்களே சொல்லுங்க. உங்ககிட்ட ஒருத்தி வந்து இப்படிச் சொன்னா நம்புவீங்களா?"

சத்தியமாக நம்பியிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்ததால் கைபேசியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

திரும்பும்போது அர்த்தநாரிதான் வண்டியை ஓட்டினான். இத்தனை வருசத்துத் தொழிலில் அவன் அவளை ஒரு கணக்குக்கூடக் கேட்டதில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே கேட்டான்.

"எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லுங்கண்ணி. எனக்குத் தெரியாம உங்க பேர்ல தனியா புக் பண்ணிட்டீங்களா?"

"இல்லப்பா" என்றாள் சம்பூரணம்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு அவள் இறங்கும்வரைகூடப் பொறுக்காமல் கைபேசியை எடுத்து, அண்ணியைப் பற்றி விசாரிக்கும்படி உசாவியிடம் சொன்னான்.