குண்டன் ஏன் விழவில்லை?

பிற்பகல் இரண்டரை மணி. மீட்புப் படையின் நாய்க் கொட்டிலில் பஞ்சு எழுந்து நிற்கப் பார்த்தாள். பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு விழுந்தாள். நீண்ட வெள்ளை ரோமம் முழுக்க நடுங்கியது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. இடிந்த கட்டடங்களுக்குள் புகுந்து, உயிரோடு இருப்பவர்களை மோப்பத்தாலேயே கண்டுபிடித்தவளுக்கு இப்போது தன் தண்ணீர்க் கிண்ணம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

அவளைப் பழக்கிய பயிற்சியாளர், ஓடி வந்த இன்ஸ்பெக்டரிடம் ஒரே ஆளைத்தான் கைகாட்டினார். படையின் சமையல்காரர். வேறு யாருமில்லை, பயிற்சியாளருடைய மனைவியின் சொந்த அண்ணன்.

"மத்தியானச் சோறு இவர்தான் வெச்சார் சார். இந்த நாயை ஒரு நாள் தொலைச்சுக் கட்டறேன்னு நேத்து எல்லார் முன்னாடியும் சொன்னார்."

"அடுப்படியில வந்து கால்ல இடறிச்சு, வெந்நீர் கொட்டிடுச்சு. எரிச்சல்ல ஏதோ சொன்னேன் மாப்பிள்ளை. அதுக்காக விஷமா வெப்பேன்?"

"பக்கத்துக் கூண்டுல இருக்கிற குண்டனுக்கும் அதே சட்டியா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அதே சட்டிதான்."

பக்கத்துக் கூண்டில் குண்டன், கொழுகொழுவென்ற கறுப்பு லாப்ரடார், பந்தைக் கடித்தபடி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஒரே சட்டி. ஒரு நாய்தான் விழுந்திருக்கு. அப்போ விஷம் சட்டியில இல்ல, தட்டுல" என்றார் இன்ஸ்பெக்டர். சமையல்காரரை இரண்டு காவலர்கள் ஜீப்பில் ஏற்றினார்கள்.

அப்போதுதான் படையின் கால்நடை மருத்துவர் வந்து சேர்ந்தார். டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பஞ்சுவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். விரிந்து கிடந்த கருமணி சுருங்கவில்லை. நடுக்கத்தை அடக்க மயக்க மருந்தை ஊசியில் நிரப்பினார்.

நாயின் தலையை மடியில் வைத்திருந்த பயிற்சியாளர் அழுகையோடு புலம்பிக்கொண்டிருந்தார். "இவ கூடப் பொறந்தவனும் இப்படித்தான் விழுந்தானாம் டாக்டர். வேற படையில இருக்கான். சொறிக்கு எல்லா நாய்க்கும் போட்ட அதே மருந்துதான். அவன் மட்டும் நாள் கணக்கா எழுந்திருக்கல. குடும்பத்துக்கே கண்ணு பட்டுடுச்சு."

ஊசி முனை தோலைத் தொட்டிருந்தது. டாக்டரம்மா கையை இழுத்துக்கொண்டார்.

"என்னாச்சு டாக்டர்?"

"பொறுங்க."

குனிந்து பஞ்சுவின் வாயருகே மூக்கை வைத்தார். தாடை முடி பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ஆப்பிள் வாசனை.

ஜீப்பில் இருந்த சமையல்காரரைப் பார்த்துக் கேட்டார். "இன்னிக்கு நாய்ங்களுக்கு ஆப்பிள் ஏதாவது போட்டீங்களா?"

"நாய்க்கு யாரு ஆப்பிள் போடுவா? மனுஷனுக்கே இங்க வாழைப்பழம்தான்."

டாக்டரம்மா குண்டனின் கூண்டைத் திறந்தார். அது முகத்தை நக்க வந்தது. அந்த வாயிலும் அதே பிசுபிசுப்பு, அதே ஆப்பிள். பஞ்சுவுக்குச் சலைன் ஏற்றச் சொல்லி உதவியாளரிடம் விட்டுவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த குதிரை லாயத்துக்கு ஏறக்குறைய ஓடினார். இன்ஸ்பெக்டரும் பயிற்சியாளரும் பின்னாலேயே போனார்கள்.

லாயக்காரர் செந்நிறக் குதிரைக்குத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு இதுங்களுக்கு என்ன குடுத்தீங்க?"

"பூச்சி மருந்தும்மா. குழாய்ல ஆப்பிள் வாசனையோட பசையா வருமே, அது."

"எப்போ?"

"விடிகாலையில."

"எல்லாம் ஒழுங்கா முழுங்கிச்சா?"

"சொட்டு மிச்சமில்ல."

டாக்டரம்மா தரையைப் பார்த்தார். லாயம் முழுக்க வைக்கோல் தூசி. செந்நிறக் குதிரையின் முன்னால் மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

"இந்த ஒரு இடத்தை மட்டும் எதுக்குக் கழுவினீங்க?"

லாயக்காரரின் கை நின்றது.

"துப்பிடுச்சு, இல்லையா?"

"பாதியைத் துப்பிடுச்சும்மா" என்றார் அவர், தலை நிமிராமல். "துடைக்கத் துணி எடுக்கப் போனேன். கதவைச் சாத்தல. திரும்பி வந்தா, காலையில ஓட விட்டிருந்த ரெண்டு நாயும் நக்கிட்டு நிக்குதுங்க. நல்லா ஓடியாடிட்டுதான் இருந்துச்சுங்க. அதான் கழுவி விட்டுட்டேன்."

"ஒரு மனுஷனை ஜீப்ல ஏத்தறதைப் பாத்துமா வாயைத் திறக்கல?" இன்ஸ்பெக்டரின் குரல் தடித்தது.

"வேலை போயிடும்னு பயம் சார்."

இன்ஸ்பெக்டர் டாக்டரம்மாவிடம் திரும்பினார். "ரெண்டும் நக்கினா ரெண்டும் விழணுமே. குண்டன் ஏன் விழல?"

"கேள்வி சரிதான் சார். நீங்க பதிலைத் தட்டுல தேடிட்டீங்க. அது தலைக்குள்ள இருக்கு." டாக்டரம்மாவுக்கு வார்த்தைகள் ஒன்றையொன்று முந்தின. "மூளைக்குள்ள ஓடற ரத்தக் குழாய்ச் சுவர்ல, ஒவ்வொரு செல்லோட சவ்வுலயும் ஒரு புரதம் காவல் நிக்குது. பம்பு மாதிரி. வேண்டாத மருந்து உள்ள வந்தா, கழுத்தைப் பிடிச்சு ரத்தத்துக்கே திருப்பித் தள்ளிடும். நமக்கும் இருக்கு, குண்டனுக்கும் இருக்கு. ஆடு மேய்க்கிற இந்த நீளமுடி இனத்துல நிறைய நாய்ங்களுக்கு அது பிறவியிலேயே வேலை செய்யாது. குண்டனை வாசல்லயே நிறுத்தின மருந்து, இவ மூளைக்குள்ள போய் உக்காந்துடுச்சு. சொறிக்கும் இதே மருந்தைத்தான் போடுவாங்க, கூடப் பொறந்தவனும் அதனாலதான் விழுந்தான். ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிடும்."

பயிற்சியாளர் மெதுவாகக் கேட்டார். "அப்போ அந்த ஊசி?"

"அதையும் வெளிய தள்ள வேண்டியது அதே பம்புதான். போட்டிருந்தா மூச்சே நின்னிருக்கலாம். நீங்க புலம்பினது நல்லதாப் போச்சு."

இன்ஸ்பெக்டர் தானே போய் ஜீப் கதவைத் திறந்துவிட்டார். லாயக்காரரை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இந்த விஷத்துக்கு முறிவு மருந்து இல்லை. உடம்பே அதை வெளியேற்றும் வரை பஞ்சுவின் மூச்சையும் சூட்டையும் மற்றவர்கள் காக்க வேண்டியிருந்தது. பயிற்சியாளர் அவளைப் புரட்டிப் படுக்கவைத்தார். சமையல்காரர் யாரும் கேட்காமலே வெந்நீர்ப் பைகளை நிரப்பிக் கொண்டுவந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் காலை, பயிற்சியாளர் வழக்கம்போல அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காது லேசாக அசைந்தது, அவ்வளவுதான். வாசலில் சமையல்காரரின் குரல் கேட்டது.

"கஞ்சி ஆறுது, யாராவது நகருங்க."

பஞ்சுவின் வால் தரையில் ஒரு முறை தட்டியது. பிறகு விடாமல் தட்டியது. கண் இன்னும் தெளியாதவள், மூக்கைத் தூக்கி அந்தக் குரலின் பக்கம் திரும்பினாள்.

பயிற்சியாளர் சிரித்தார். "மச்சான், என்னை மன்னிச்சிடுங்க."

"முதல்ல என் தங்கச்சிகிட்டப் போய்ச் சொல்லுங்க மாப்பிள்ளை. நாலு நாளா போன்ல என் உயிரை வாங்கறா." சமையல்காரர் தரையில் உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டினார். "தலையை மட்டும் கொஞ்சம் தாங்கிப் பிடிங்க."

பயிற்சியாளர் தாங்கிப் பிடித்தார். பஞ்சு தானாகவே நக்கிக் குடிக்கத் தொடங்கினாள்.