பக்கத்துக் கட்டிலின் மூச்சு

அறையில் யாரும் பழம் வைத்திருக்கவில்லை. ஆனாலும் அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தின் வாசனை, நகச்சாயம் அழிக்கும் மருந்தின் நெடியோடு கலந்து, திருச்செல்வத்தின் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. தன் வாயிலிருந்துதான் வருகிறதோ என்று முதலில் நினைத்தான். நேற்று கிள்ளானில் உள்ள இந்த மருத்துவமனைக்கு அவனைத் தூக்கி வந்தபோது அப்படித்தான் நாறியது. காலில் சீழ் வைத்த புண்ணைக் கவனிக்காமல் விட்டதில் சர்க்கரை கண்டபடி ஏறி, உடம்பு கொழுப்பை எரித்து எரித்து ரத்தமே அமிலமாகிவிட்டதாம். இப்போது பரவாயில்லை. ஒரு கையில் உப்புநீர், மறு கையில் பம்பு வழியாக இன்சுலின். அவனுடைய மூச்சிரைப்பு விடியும்போதே அடங்கிவிட்டது.

ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இரைத்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியான மழை ஜன்னலில் அடித்த சத்தத்தையும் மீறி அது கேட்டது. ஆழமாக, இடைவிடாமல், பத்து மாடி ஏறி வந்தவர் இன்னும் ஏறிக்கொண்டே இருப்பதுபோல. விரல் குத்திச் சர்க்கரை பார்க்க வந்த தாதி, மிஸ்ஸி சுமையாவிடம், பக்கத்தில் யார் என்று கேட்டான். அவள் திரையை ஒதுக்கிக் காட்டினாள். சுருக்கம் கலையாத விரிப்பு. காலிக் கட்டில்.

"யாரும் இல்ல அங்கிள், பயப்படாதீங்க லா. இந்த இன்சுலின் மட்டும் நிக்காம போகணும். நின்னுச்சுன்னா மறுபடியும் ரத்தம் அமிலமாயிடும்."

அவள் போனதும் மூச்சு திரும்ப வந்தது. இந்த முறை இன்னும் கிட்டத்தில்.

அந்த மூச்சை அவனுக்குத் தெரியும். அவன் மனைவி தாமரையின் மூச்சு. பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் போட்டு உயிர் வாழ்ந்தவள். போன தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருந்தாள். மேரு என்ற தங்கள் ஊரில் காவடிக் குழுவுக்குத் தலைவன் என்ற மிதப்பில், பட்டினி கிடப்பவளுக்குச் சர்க்கரை ஊசி எதற்கு என்று எல்லாவற்றையும் எடுத்து ஒளித்து வைத்தான். மூன்றாம் நாள் அவள் வாந்தி எடுத்தாள், கண் செருகி, நெஞ்சு தூக்கித் தூக்கி இரைத்தாள், வாயில் பழவாசனை. குழுவினர் அருள் வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டு, உருமி மேளத்தை வரவழைத்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி அவள் அக்காள் லோகேஸ்வரி அவன் காலில் விழுந்து கதறினாள். ஊசி என்று தாமரையின் உதடு அசைந்ததை அவன் பார்த்தான். அது அருள் இல்லை என்று அந்த நொடியே அவனுக்குப் புரிந்தது. ஊரே கும்பிடும்போது அதைச் சொல்ல வெட்கப்பட்டு, மேளத்தை இன்னும் ஓங்கி அடிக்கச் சொன்னான். மேளம் ஓய்வதற்குள் அவள் உயிர் அடங்கிவிட்டது. பாவி.

மழை நின்றது. மூச்சு நிற்கவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. பிறகு முழங்காலருகே. பிறகு இடுப்பருகே. போர்வை மெல்லத் தாழ்ந்தது, யாரோ உட்கார்ந்ததுபோல.

கத்தப் பார்த்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாகம். தொண்டை பற்றி எரியும் தாகம். திறந்த கதவு வழியே சுமையா தெரிந்தாள். மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பத்தே அடி. அவள் தலை நிமிரவில்லை.

அவன் நெஞ்சு தானாகத் தூக்கியது. ஒருமுறை. இன்னொருமுறை. இரண்டு மூச்சும் சேர்ந்துகொண்டன.

கண்ணைத் திருப்பினான்.

பம்பில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. எந்த அலாரமும் அடிக்கவில்லை. அதற்குக் கீழே, மஞ்சள் பூசிய மெலிந்த விரல்கள் இரண்டு, இன்சுலின் குழாயை மடித்து, இறுக்கி, அவசரமே இல்லாமல் பிடித்திருந்தன.